தைப் பனியில் மரப்படகுக்கு எண்ணெயும் வார்னிஷும்: கோளாறைப் பார்த்துக் காரணம் அறிதல்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடுவார்கள். ஆற்றில் ஓட்டம் குறையும். நெரிஞ்சிப்பேட்டை, பூலாம்பட்டிப் பக்கம் கதவணை தேக்கிய தண்ணீர் நிற்கும் என்றாலும், படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் பழுது பார்க்க எங்களுக்கு வாய்க்கிற காலம் தையும் மாசியும்தான். பொங்கல் நோம்பி முடிந்திருக்கும், மழைக்குப் பயப்பட வேண்டியதில்லை, சித்திரை வெயில் வர இன்னும் நாள் இருக்கிறது. இவ்வளவு நல்ல காலத்துக்கு ஒரே ஒரு குறை பனி. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். மச்சைத் துளைக்கிற பனி நேற்று மாலை பூசிய வார்னிஷை விட்டுவைக்குமா?

பரிசல் என்றால் தாரைப் பூசிக் காயவைத்தால் போதும். மரப்படகின் பலகை வெளியே தெரிய வேண்டும், வெயிலும் தண்ணீரும் உள்ளே போகக் கூடாது. அதற்குத்தான் ஆளிவிதை எண்ணெயும் வார்னிஷும். குளிர்காலத்தில் இந்த வேலை கெட்டுப்போனவர்கள் என்னிடம் சொல்கிற அடையாளங்களையும், ஒவ்வொன்றுக்கும் எங்கே காரணம் தேட வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன். ஆனால் கோளாறுகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கோளாறு வரவே வராது.

முதலில் பலகையைத் தொட்டுப் பாருங்கள்

பல வார்னிஷ் டப்பாக்களில் 10 டிகிரிக்குக் கீழே பூசாதீர்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். ஈரோடு, பவானி, கரூர்ச் சமவெளியில் தை மாத விடியற்காலையில்கூட அவ்வளவு குளிர் இருப்பதில்லை. அதனால் நமக்கென்ன கவலை என்று காலை எட்டு மணிக்கே தூரிகையை எடுத்துவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. டப்பாவில் உள்ள எண் காற்றைப் பற்றியது. வார்னிஷ் உட்காரப்போவது பலகையின் மேல்.

மேகமில்லாத இரவில், திறந்த வெளியில் கவிழ்த்து வைத்த படகின் அடிப்பாகம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். அது தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ந்த பலகையில்தான் காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படிகிறது. ஒன்பது மணிக்கு நமக்கு முதுகில் வெயில் சுடும். மரமோ சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஓர் அங்குலப் பலகையின் உட்புறம் இரவுக் குளிரிலேயே இருக்கும். துணியால் பனியைத் துடைத்துவிட்டோம் என்று நாம் நினைப்போம். கண்ணுக்குத் தெரியாத ஈரம் மறுபடி படிந்துகொண்டிருக்கும்.

கணக்கு எளிது. கடையில் கிடைக்கும் சிறிய ஈரப்பதமானியைப் படகின் பக்கத்தில் நிழலில் தொங்கவிடுங்கள். காற்றின் ஈரப்பதத்தை 100இலிருந்து கழித்து 5ஆல் வகுங்கள். வந்ததைக் காற்றின் வெப்பநிலையிலிருந்து கழித்தால், ஏறக்குறைய எந்தச் சூட்டில் பனி படியும் என்பது கிடைக்கும். காற்று 24 டிகிரி, ஈரப்பதம் 80 என்றால், 20ஐ 5ஆல் வகுக்க 4. ஆக 20 டிகிரியில் பனி படியும். பலகை அதைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக, 23க்கு மேல் இருந்தால்தான் தூரிகையைத் தொடலாம். ஈரப்பதம் 50க்கு மேல் இருக்கும்போது இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும்.

பலகையின் சூட்டை எப்படி அளப்பது? கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேராகக் காட்டிய கருவி பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. அதில் சிலவற்றில் உடம்புக்கு ஒரு நிலையும் பொருட்களுக்கு ஒரு நிலையும் உண்டு. பொருட்களுக்கான நிலைக்கு மாற்றி அளக்க வேண்டும். உடம்புக்கான நிலையில் வரும் எண் மரத்துக்கு உதவாது. கருவியே இல்லை என்றாலும் வழி இருக்கிறது. ஈரத் துணியால் பலகையில் ஓர் உள்ளங்கை அகலம் துடைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குள் அந்த ஈரத்தடம் மறைந்தால் பூசலாம். மறையவில்லை என்றால் அந்த நேரம் வேலைக்கு ஆகாது.

எங்கள் ஆற்றங்கரையில் இந்தக் கணக்கெல்லாம் பார்த்தால் தை மாதத்தில் ஒரு நாளைக்குக் கிடைப்பது காலை பத்தரை முதல் பிற்பகல் இரண்டு வரை. அதற்குப் பிறகு பூசினால் பனி இறங்கும் முன் மேல்தோல் இறுகாது. ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னும் குறைவு. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் சமவெளியை விட எட்டு ஒன்பது டிகிரி குளிர் கூடும். அங்கே டப்பாவில் அச்சிட்ட எண்ணும் பொருட்டாகிவிடும். தாளவாடி மலையிலும் விடியற்காலையில் அந்த எண்ணை மறக்க முடியாது.

காலையில் பார்த்தால் வெள்ளை மூட்டம்

மாலையில் கண்ணாடி போல மின்னியது, விடிந்ததும் மோர் தெளித்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. இறுகாத படலத்தின் மேல் பனி உட்கார்ந்ததுதான் காரணம். பயப்படாமல் இரண்டு நாள் வெயிலில் விட்டு, படலம் இறுகிய பிறகு சோதியுங்கள். துணியில் கொஞ்சம் டர்பன்டைன் நனைத்து மூட்டத்தின் மேல் தேயுங்கள். ஈரமாக இருக்கும்போது மூட்டம் மறைந்து மரம் தெளிவாகத் தெரிந்தால், கெட்டது மேற்பரப்பு மட்டும்தான். 320 எண் தண்ணீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துத் துடைத்து, நண்பகலில் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் சரியாகிவிடும். நனைத்தும் வெளுப்பு போகவில்லை என்றால் ஈரம் படலத்துக்குள்ளேயே சிக்கியிருக்கிறது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மேலே எத்தனை பூச்சு கொடுத்தாலும் அந்த மூட்டம் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

பூசிய பத்து நிமிடத்திலேயே கண்ணெதிரில் வெளுத்தால் வேறு விஷயம். கையில் இருப்பது படகு வார்னிஷே இல்லை, கட்டில் மேசைக்கு அடிக்கும் என்.சி. லாக்கர். அதன் தின்னர் வேகமாக ஆவியாகும்போது படலத்தைக் குளிரவைத்து, காற்றின் ஈரத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. கடையில் "நல்ல பளபளப்பு வரும்" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பளபளப்பு வரும், ஆனால் ஆற்று வெயிலிலும் தண்ணீரிலும் ஓராண்டுகூடத் தாங்காது. அரக்கு பாலீஷும் அப்படியே, தண்ணீர் பட்டால் வெளுக்கும். படகுக்கு வாங்க வேண்டியது வெளிப்புற மரத்துக்கென்று செய்த, வெயிலைத் தாங்கும் எண்ணெய் வார்னிஷ்.

நான்கு நாளாகியும் கையில் ஒட்டுகிறது

குளிர்காலத்தில் அதிகம் கேட்கிற புலம்பல் இதுதான். காரணம் குளிர் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் குளிரின் குற்றமில்லை.

காரணத்தைப் பிரித்தறிய மூன்று கண்ணாடித் துண்டுகள் போதும். அதே டப்பா வார்னிஷை ஒன்றில் பூசிப் படகின் பக்கத்திலேயே வையுங்கள். இன்னொன்றில் பூசி வீட்டுச் சமையலறையில், அடுப்புக்குத் தொலைவாக, காற்றோட்டமும் கதகதப்பும் உள்ள இடத்தில் வையுங்கள். மறுநாள் பாருங்கள். படகருகே உள்ள கண்ணாடி காய்ந்து, படகு மட்டும் ஒட்டினால் குற்றம் மரத்தில். படகருகே காயாமல் சமையலறையில் காய்ந்தால் குற்றம் குளிரில். இரண்டும் காயவில்லை என்றால் வார்னிஷே கெட்டது. திறந்து பல மாதமான டப்பாக்களில் உலரவைக்கும் மருந்தின் வலு குறைந்துபோகும். மூன்றாவது துண்டு, புதிய டப்பா வாங்கி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க.

குற்றம் மரத்தில் என்றால், முன்பு அதில் என்ன எண்ணெய் பூசினீர்கள் என்று யோசியுங்கள். நம் பக்கத்தில் கலப்பைக்கும் வண்டிக்கும் புங்க எண்ணெய், வேப்பெண்ணெய் பூசிய வழக்கம் உண்டு. புழு பூச்சி அண்டாது என்பது உண்மை. அந்தப் பழக்கத்தில் படகுக்கும் பூசிவிடுகிறார்கள். சிலர் செக்கில் மிஞ்சிய கடலை எண்ணெயைக்கூடப் பூசுவதைப் பார்த்திருக்கிறேன். இவை எதுவும் ஒருநாளும் உலராதவை. ஆளிவிதை எண்ணெய் உலரும், இவை உலரா. ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது.

எண்ணெய் உலர்வது தண்ணீர் காய்வதுபோல் ஆவியாகிப் போவதல்ல. அது காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துத் தோலாக இறுகுகிறது. காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெயின் எடை கூடுவதற்குக் காரணம் அதுதான். இப்படிக் கோத்துக்கொள்ளும் திறனை அயோடின் எண் என்ற அளவால் சொல்வார்கள். ஆளிவிதை எண்ணெய்க்கு அது ஏறக்குறைய 170க்கு மேல். ஏறக்குறைய 130க்கு மேல் இருந்தால்தான் நன்றாகத் தோல் கட்டும். கடலை எண்ணெய் 100ஐ ஒட்டி நிற்கும், புங்கமும் வேம்பும் அதற்கும் கீழே, தேங்காய் எண்ணெய் வெறும் 10ஐ ஒட்டியே நிற்கும். நல்லெண்ணெய் நடுவில் நின்று பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

அப்படிப் புங்க எண்ணெய் குடித்த பலகையில் வார்னிஷ் ஒட்டினால், டர்பன்டைன் நனைத்த துணியால் பல முறை துடைத்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய துணி வேண்டும். பழைய துணி எண்ணெயை இடம் மாற்றத்தான் செய்யும். பிறகு சலவை சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, ஒரு வாரமாவது நிழலில் உலரவிட வேண்டும். மரம் சற்றுக் கறுக்கலாம். அதைப் பின்னால் சரிசெய்து கொள்ளலாம்.

தேக்குப் படகாக இருந்தால், யாரும் எதையும் பூசாமலே இந்தக் கோளாறு வரும். தேக்கின் சொந்த எண்ணெய்ச் சத்தே வார்னிஷ் உலர்வதைத் தடுக்கும். உப்புத்தாள் போட்ட கையோடு தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் உடனே முதல் பூச்சு கொடுங்கள். மறுநாள் பூசலாம் என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

ஆளிவிதை எண்ணெயே ஒட்டுகிறது என்றால் இரண்டு கேள்வி. காய்ச்சாத பச்சை எண்ணெயா, காய்ச்சிய டபுள் பாயில்டா? பச்சை எண்ணெய் குளிரில் வாரக்கணக்கில் காயாது. டபுள் பாயில்டில் உலர்த்தும் மருந்து சேர்ந்திருக்கும். இரண்டாவது, பூசி அரை மணி நேரத்தில் மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துடைத்தீர்களா? துடைக்காமல் விட்டது வெல்லப்பாகு போல ஆகிவிடும். டர்பன்டைனால் துடைத்து எடுத்தால் சரியாகும். அந்த எண்ணெய் நன்றாக உலரும்வரை அதன் மேல் வார்னிஷ் அடிக்காதீர்கள். தை மாதத்தில் அதற்குப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும்.

குற்றம் குளிரில்தான் என்று கண்ணாடி சொன்னால், பொறுமைதான் மருந்து. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் உலரும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கோடையில் ஒரு நாளில் அடுத்த பூச்சு கொடுத்தவர்கள் தையில் இரண்டு நாள் விட வேண்டும். உலர்த்தும் மருந்தைக் கூடுதலாக ஊற்றுகிற யோசனையை விட்டுவிடுங்கள். அது என்ன செய்யும் என்பது அடுத்த கோளாறு.

மேலே சுருங்கித் தோல் போலக் கிடக்கிறது

பாலாடை சுருங்குவது போலத்தான். கனமாகப் பூசியதாலோ மருந்து கூடியதாலோ மேற்புறம் முதலில் தோல் கட்டிவிட்டது. அடியில் இருப்பதற்குக் காற்று கிடைக்காமல் அது பச்சையாகவே நிற்கிறது. கீழ்ப்பூச்சு காய்வதற்குள் அடுத்ததை ஏற்றினாலும் இதே கதி. இதற்குக் குறுக்குவழி இல்லை. சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய பூச்சுகளாக மறுபடி தொடங்க வேண்டும். விளிம்புகளிலும் குறுக்குச்சட்டம் சேரும் மூலைகளிலும் தேங்குவதைத் தூரிகை நுனியால் இழுத்துவிடுங்கள், சுருக்கம் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

ஒழுகலும் தூரிகைக் கோடும்

குளிர்ந்த வார்னிஷ் தேன் போலக் கெட்டிப்படும். தூரிகை இழுத்த கோடு மறையாது. சாய்ந்த பக்கங்களில் வார்னிஷ் மெதுவாக இறங்கித் திரை போலத் தொங்கும். உடனே டர்பன்டைனை ஊற்றி நீர்த்துப்போகச் செய்கிறோம். அதில் படலம் மெலிந்து, எட்டுப் பூச்சு கொடுத்தும் நான்கின் கனம்தான் நிற்கிறது. முதல் பூச்சு மரத்துக்குள் இறங்குவதற்காகச் சரிபாதி நீர்க்கலாம், இரண்டாவதைக் கால்பங்கு. அதற்குமேல் நீர்ப்பதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கெட்டிப்பட்டதை இளக்கச் சூடுதான் வழி. வாளியில் வெந்நீரை ஊற்றி, அடுப்பிலிருந்து நன்றாக விலக்கிக் கொண்டுவந்து, மூடியைத் தளர்த்திய டப்பாவை அதில் நிறுத்துங்கள். டப்பா கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும். டப்பாவை நேரடியாக அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள். டர்பன்டைன் ஆவி 40 டிகிரிக்குக் கீழேயே தீப்பற்றத் தயாராகிவிடும்.

கொப்புளமும் ஊசித் துளையும்

டப்பாவைக் குலுக்கினால் காற்றுக்குமிழ் சேரும். அதனால் குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். அப்படியும் துளைகள் வந்தால், மரம் சூடேறிக்கொண்டிருந்த நேரத்தில் பூசியிருக்கிறீர்கள். மரத் துளைகளிலுள்ள காற்று விரிந்து படலத்தைப் பொத்துக்கொண்டு வெளியேறும். எனவே முதல் இரண்டு பூச்சுகளுக்குப் படகை நண்பகல் வரை வெயிலில் காயவைத்து, பிறகு நிழலுக்கு நகர்த்தியோ மேலே பந்தலிட்டோ, சூடு இறங்கத் தொடங்கும்போது பூசுங்கள். இறங்கும் சூட்டில் மரம் வார்னிஷை உள்ளே இழுத்துக்கொள்ளும். துளைகள் அடைபட்ட பிறகு வருகிற பூச்சுகளைப் பத்தரைக்கே தொடங்கலாம்.

பூச்சு விலகி வட்ட வட்டமாக நிற்கிறது

மெழுகோ கிரீஸோ கை எண்ணெயோ பட்ட இடம் அது. தின்னரால் துடைத்து, உப்புத்தாள் போட்டு மறுபடி பூசுங்கள். காருக்கு அடிக்கும் பாலீஷைப் படகின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

தூசியும் நூலும், அதோடு ஒரு தீ அபாயம்

தையில் காற்று வறண்டு, அறுவடை முடிந்த காடுகளிலிருந்து புழுதி பறக்கும். பூசுவதற்கு அரை மணி முன்பு சுற்றிலும் தண்ணீர் தெளியுங்கள், படகின் மேல் படாமல். நூல் ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் துணிதான். திருப்பூர் பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கிறது, முரட்டு வேலைக்கு நல்லது. ஆனால் வெட்டுவாயிலிருந்து பஞ்சு உதிரும். கடைசித் துடைப்புக்குப் பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணியே சிறந்தது.

இந்தத் துணிகளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு பிறக்கும். விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும். கசக்கி மூலையில் எறிந்த குவியலில் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். பஞ்சும் நூலும் நிறைந்த நம் ஊர்களில், சாளைக்குள் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு குவியல் கிடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு துணியையும் வெளியே கொடியில் தனித்தனியாக விரித்து விறைக்கக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய வாளியில் அமிழ்த்துங்கள். இதில் "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதே கூடாது.

அதேபோல, படகைத் தார்ப்பாயால் மூடி உள்ளே விறகோ மண்ணெண்ணெய் அடுப்போ வைத்துச் சூடேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எரிகிற எதுவும் நீராவியை வெளியிடும். அது நேராகக் குளிர்ந்த பலகையில் போய்ப் படியும், கரியும் சேரும், தின்னர் ஆவி இருந்தால் உயிருக்கே ஆபத்து. தார்ப்பாயைப் பந்தலாக உயர்த்திக் கட்டுங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும். வானத்தை மறைத்தாலே பலகை அவ்வளவு குளிராது, பனியும் குறையும். தரைவரை இழுத்துக் கட்டினால் மண்ணின் ஈரம் உள்ளேயே சுற்றி, தார்ப்பாயின் அடியிலிருந்து சொட்டும்.

எண்ணெய்க்கு அடியில் கறுப்பு

இரண்டு வகைக் கறுப்பு உண்டு. ஆணியைச் சுற்றி மை போலப் பரவியிருந்தால், மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தது. கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் கறுப்பதும் இதே வினைதான். புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தால் பூஞ்சை. ஆளிவிதை எண்ணெய் பூஞ்சைக்கு நல்ல தீனி, ஈரமான குளிர்நாட்களில் கேட்கவே வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைசலை ஒரு சொட்டு வையுங்கள். சில நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை, அசையாமல் இருந்தால் இரும்பு. பூஞ்சைக்கு அதே கரைசலால் கழுவலாம். இரும்புக் கறைக்கும், முன்பு சொன்ன சோடாக் கறுப்புக்கும் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் வேலை செய்யும். அது நஞ்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்கவோ, ஒன்றை அலசாமல் மற்றொன்றைப் பூசவோ கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

ஒரு மாதம் கழித்துப் பாளம் பாளமாக உரிகிறது

மனத்தை அதிகம் நோகடிக்கும் கோளாறு இது, எல்லா வேலையும் முடிந்த பிறகு வருவதால். விரல் நகத்தால் கிளப்பினால் கண்ணாடித்தாள் போல வரும், அடியில் மரம் வெறுமையாக இருக்கும். மரம் நனைந்திருந்தபோது பூசியதுதான் காரணம். ஆறு மாதம் தண்ணீரில் கிடந்த பலகை கரையேறிய நான்காம் நாளே மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஊறித்தான் இருக்கும். மாசி வெயில் ஏறும்போது அந்த ஈரம் வெளியே வரத் துடித்து, வழி மறித்த படலத்தைத் தூக்கி எறிகிறது.

சோதிக்க, ஒரு சாண் சதுரத் தெளிந்த பிளாஸ்டிக் தாளைப் பலகையில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு பகல் வெயிலில் விடுங்கள். உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் காத்திருங்கள். ஈரம் அளக்கும் கருவி வைத்திருக்கிற ஆசாரி பக்கத்தில் இருந்தால் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பலகையின் வெட்டுமுகங்களையும் ஆணித் துளைகளையும் தனியாகச் சோதியுங்கள், தண்ணீர் அங்கேதான் அதிகம் குடித்திருக்கும். உரிந்த இடத்தைச் சுற்றி உறுதியாக ஒட்டியிருக்கும் விளிம்புவரை சுரண்டி, சரிவாகத் தேய்த்து, பாதி நீர்த்த பூச்சிலிருந்து அடுக்கடுக்காக ஏற்றுங்கள்.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு அவசரப்பட்டு இறக்காதீர்கள். தொட்டால் ஒட்டாத படலம் உள்ளே இன்னும் இளசாகத்தான் இருக்கும். கட்டைவிரலை அழுத்தித் திருகிப் பாருங்கள், ரேகை பதியக் கூடாது. தையில் முடித்த படகை மகா சிவராத்திரிக்குப் பிறகு தண்ணீரில் விடுவது எங்கள் வழக்கம். அன்றோடு பனி "சிவசிவா" என்று போய்விடும், அதற்குள் ரேகையும் பதியாது.